உணவுக்கடையில் புகையும் வழிப்பயணிகளும்

ரவாங் வழியே செல்லும் பயணிகள் ஒரு குவளைத் தேநீருக்காக இறங்குவது நெடுநாள் வழக்கம். தேநீர் வந்ததும் வெண்சுருட்டைப் பற்றவைப்பதும் அவ்வாறே வழக்கமாயிருந்தது. 2019 சனவரி முதல் நாள் தொட்டு, திறந்தவெளி ஒட்டுக்கடைகள் உட்பட நாட்டின் எல்லா உணவுக்கடைகளிலும் அது தடைசெய்யப்பட்டது. புகைப்போர் 3 மீட்டர், அதாவது ஏறத்தாழப் பத்தடி, தள்ளி நிற்றல் வேண்டும். முதலாண்டில் எச்சரிக்கையோடு விட்டனர். 2020 முதல் தண்டம் விதிக்கலாயினர்.

"காசு கொடுத்து உண்ணும் எமக்கு இதற்கும் உரிமையில்லையா?" என்று வாகனமோட்டிகள் சிலர் முணுமுணுத்தனர். நீதிமன்றம் வரை சென்றவர்களும் உண்டு. அவர்தம் வழக்கு தள்ளுபடியாயிற்று. கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்கோ அத்தடை பெரும் ஆறுதல். விடுதியில் தங்குவோரும் இதனை அறிவர். முன்னாள் தங்கியவர் விட்ட புகையின் நாற்றம் திரைச்சீலையிலும் தலையணையிலும் படிந்து, மறுநாள் வருபவரை வாட்டும்.

ஆயினும் பயணி பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். மேசை துடைக்கும் பிள்ளை அங்கேயே நாள் முழுதும் நிற்கிறது. அது நம் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். புகையறையில் தொங்கவிட்ட ரப்பர்த் தகடு சில நாளில் பழுப்பேறுவதை நம் மூத்தோர் கண்டிருக்கிறார்கள். பிறர் விடும் புகையிலும் நச்சுப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் புற்றுநோய் விளைப்பனவும் பல. கரியோரக நச்சு வாயு குருதி சுமக்கும் உயிர்வளியைக் குறைக்கிறது.

2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 852-ஆம் சட்டம் மின்சுருட்டையும் கட்டுப்படுத்துகிறது. 'இதில் புகையிலையே இல்லையே' என்று கடைக்காரரிடம் வாதாடுவது இனிப் பயன் தராது. மழை நாளில் பத்தடி தள்ளி நிற்பது சிரமமே; அதற்காகக் கடைக்காரரைக் கடிந்துகொள்ளல் முறையன்று. அறிவிப்புப் பலகை வைக்கத் தவறினால் அவருக்கும் தண்டனை உண்டு.