ஒரே மீடிறனில் பல வானொலி நிலையங்கள்

அலகு: மின்காந்த அலைகளும் தொடர்பாடலும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
- ஒரே மீடிறன் பல நிலையங்களுக்கு வழங்கப்படுவதன் காரணத்தைக் கூறுவீர்கள்.
- பகலிலும் இரவிலும் மத்திய அலை செல்லும் விதத்தை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
- இடையூறைக் குறைக்கும் வழிகளை விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் உள்ள ஒரு வீட்டில் மத்திய அலை வானொலிப் பெட்டியை இயக்கிப் பாருங்கள். பகலில் ஒரு நிலையம் தெளிவாகக் கேட்கும். இருட்டிய பின்னர் அதே இடத்தில் முள்ளை வைத்தால் பின்னணியில் வேறொரு மொழி கேட்கலாம். சில வேளைகளில் ஒலி கூடிக் குறையும். விசில் போன்ற சத்தமும் எழும். பெட்டி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுவர். உண்மையில் பெட்டியில் குறையில்லை. தொலைவில் அதே மீடிறனில் இயங்கும் இன்னொரு நிலையத்தின் அலை வந்து சேர்ந்திருக்கிறது.

2. மீடிறன் ஏன் பகிரப்படுகிறது?

வானொலி அலைக்கு நாட்டு எல்லை தெரியாது. எனவே மீடிறன்கள் சர்வதேச உடன்படிக்கை மூலம் பங்கிடப்படுகின்றன. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா ஆகிய பகுதிகளுக்கான திட்டம் 1975 இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்டு, 1978 நவம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் இத்திட்டத்தின் பிரதேசத்தினுள் அடங்கும்.

இத்திட்டத்தின்படி மத்திய அலையில் 531 கிலோஹேட்ஸ் முதல் 1602 கிலோஹேட்ஸ் வரை, 9 கிலோஹேட்ஸ் இடைவெளியில் அலைவரிசைகள் அமைகின்றன.

அலைவரிசைகளின் எண்ணிக்கை = (1602 − 531) ÷ 9 + 1 = 120

நிலையங்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. 120 இடங்களில் ஆயிரக்கணக்கானோர் அமர வேண்டுமாயின் பகிர்தல் தவிர்க்க முடியாதது.

கவனிக்க: இந்த 120 மீடிறன்களும் 9 ஆல் மீதியின்றி வகுபடும். அமெரிக்கக் கண்டத்தில் இடைவெளி 10 கிலோஹேட்ஸ் ஆகும்.

3. நமக்கு அண்மையிலுள்ள உதாரணங்கள்

(அ) 1053 கிலோஹேட்ஸ்: அகில இந்திய வானொலி, தூத்துக்குடியில் 200 கிலோவாற்று வலுவுள்ள செலுத்தியை இம்மீடிறனில் அமைத்து, இலங்கையை நோக்கியும் ஒலிபரப்பியது. பிரித்தானியாவின் ‘ரோக்ஸ்போர்ட்’ நிலையமும் இதே மீடிறனைப் பயன்படுத்தியது.

(ஆ) 882 கிலோஹேட்ஸ்: புத்தளத்திலிருந்து 400 கிலோவாற்று வலுவுடன் இந்தியாவை நோக்கிய ஒலிபரப்பு இதில் நடைபெற்றது. பீ.பீ.சீ.யின் வேல்ஸ் வானொலியும் இதே மீடிறனைப் பயன்படுத்தியது.

இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே 8000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் உண்டு. இத்தூரமே பகிர்வைச் சாத்தியமாக்கியது.

4. பகலும் இரவும்

பகலில்: மத்திய அலை பெரும்பாலும் தரை அலையாகப் புவி மேற்பரப்பை ஒட்டிச் செல்லும். வான்நோக்கிச் செல்லும் பகுதியை அயன் மண்டலத்தின் கீழ்ப்படையான ‘டி’ படை (ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீற்றர் உயரம்) உறிஞ்சிவிடும். ஆகவே தொலைவிலுள்ள நிலையம் கேட்காது.

உப்பு நீர் நல்ல மின்கடத்தி. எனவே தரை அலை, நிலத்தை விடக் கடலின் மேல் குறைந்த இழப்புடன் அதிக தூரம் செல்லும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான ஏறத்தாழ 280 கிலோமீற்றரில் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. வெள்ளவத்தைக்கு அந்த ஒலி நன்கு வந்து சேர இது முக்கிய காரணமாகும். கொட்டாஞ்சேனையில் நெருங்கிய கொங்கிறீற்றுக் கட்டடங்களினுள் சமிக்ஞை நலிவடையும். மின்சாதனங்களின் இரைச்சலும் அதனுடன் சேரும்.

இரவில்: சூரியக் கதிர்ப்பு இல்லாததால் டி படையின் அயன்கள் மீண்டும் சேர்ந்து அப்படை மறைகிறது. அதற்கு மேலுள்ள படைகள் அலையைப் புவிக்குத் திருப்புகின்றன. இதுவே வான் அலை. இது நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம் செல்லும். பகலில் ஒன்றையொன்று அறியாதிருந்த இரு நிலையங்கள் இரவில் ஒரே பெட்டியில் சந்திப்பது இதனாலேயாகும்.

5. இரண்டும் சேரும்போது நடப்பது

இரு காவி அலைகளின் மீடிறன்கள் சற்று வேறுபடின் அடிப்புகள் தோன்றும்.

அடிப்பு மீடிறன் = இரு மீடிறன்களின் வித்தியாசம்

- 1053.000, 1053.005 கிலோஹேட்ஸ்: வித்தியாசம் 5 ஹேட்ஸ். ஒலி செக்கனுக்கு 5 தடவை கூடிக் குறையும்.
- 1050, 1053 கிலோஹேட்ஸ்: வித்தியாசம் 3000 ஹேட்ஸ். இது காதுக்கு விசிலாகக் கேட்கும்.

உலகம் முழுவதும் ஒரே இடைவெளியைப் பின்பற்றாததன் தீமையை இரண்டாவது உதாரணம் காட்டுகிறது.

எப்.எம். எனப்படும் மீடிறன் பண்பேற்றத்தில் வலுக்கூடிய சமிக்ஞை வலுக்குறைந்ததை அடக்கிவிடும், ஒன்றே கேட்கும். ஏ.எம். எனப்படும் வீச்சப் பண்பேற்றத்தில் வீச்சங்கள் கூட்டப்படுவதால் இரண்டும் கேட்கும். ஆகையால் ஏ.எம். திட்டமிடலில், விரும்பும் சமிக்ஞையின் வலு இடையூறு செய்யும் சமிக்ஞையின் வலுவைப் போல் ஏறத்தாழ 1000 மடங்கு (30 டெசிபெல்) இருக்க வேண்டும் எனக் கொள்ளப்பட்டது.

6. இடையூறைக் குறைக்கும் வழிகள்

1. தூரம்: ஒரே மீடிறனுடைய நிலையங்களை மிகத் தொலைவில் அமைத்தல்.

2. வலு: வலுவை மட்டுப்படுத்தல். 1485, 1584, 1602 கிலோஹேட்ஸ் ஆகியன குறைவலு அலைவரிசைகளாக ஒதுக்கப்பட்டன. இவற்றில் 1 கிலோவாற்று வரையுள்ள பல சிறு நிலையங்கள் இயங்கலாம். உதகமண்டலம் நிலையம் 1602 இல் அமைந்தது.

3. நேரம்: 1922 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒலிபரப்பு நிலையங்கள் 360 மீற்றர் என்ற ஒரே அலைநீளத்தில் இயங்க வேண்டியிருந்தது. ஒரே ஊரிலுள்ளோர் மணித்தியாலங்களைப் பங்கிட்டுக் கொண்டனர். பிற்காலத்தில் சூரிய அத்தமனத்துடன் நிறுத்தப்படும் பகல் நிலையங்களும் அங்கு தோன்றின.

4. திசை: ஒன்றுக்கு மேற்பட்ட கம்பங்களைக் கொண்ட அன்ரனா மூலம் தேவையான திசைக்கு மட்டும் கூடிய சக்தியை அனுப்பல்.

5. ஒத்தியக்கம்: ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பும் செலுத்திகளின் மீடிறன்களை மிகத் துல்லியமாகச் சமப்படுத்தல். 1939 இல் போர் மூண்டபோது பீ.பீ.சீ. தனது உள்நாட்டுச் செலுத்திகளை இவ்வாறு இயக்கியது. எதிரி விமானங்கள் ஒரு குறித்த செலுத்தியை அடையாளங்கண்டு வழியறிவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

7. செய்து பார்ப்போம்

சிறு வானொலியினுள் உள்ள பெரைற்றுக் கோலே மத்திய அலைக்கான அன்ரனா. அக்கோலின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகக் குறையும். இரவில் இரு நிலையங்கள் கலந்து கேட்குமாயின் பெட்டியை மேசைமீது மெதுவாகச் சுழற்றுக. அவை வெவ்வேறு திசைகளிலிருந்து வருமாயின் ஒன்றை நலியச் செய்து மற்றையதைக் கேட்கலாம். தாய்மொழிச் செய்திக்குக் கடல் கடந்து வரும் ஒலியை நம்பியிருக்கும் ஒருவருக்கு இது சிறிய உதவியன்று.

8. மாதிரி வினாக்கள்

வினா 1. ஜெனீவாத் திட்டப்படி அலைவரிசையாக அமையக்கூடியது எது?
(1) 700 (2) 880 (3) 882 (4) 1050 கிலோஹேட்ஸ்
விடை: (3). 882 = 9 × 98.

வினா 2. 1053 கிலோஹேட்ஸ் அலையின் அலைநீளத்தைக் காண்க. (ஒளியின் வேகம் செக்கனுக்கு 300 000 000 மீற்றர்)
விடை: அலைநீளம் = வேகம் ÷ மீடிறன் = 300 000 000 ÷ 1 053 000 = ஏறத்தாழ 285 மீற்றர்.

வினா 3. ஒரே மீடிறனுடைய தொலைதூர நிலையம் இரவில் மட்டும் கேட்பது ஏன்?
விடை: பகலில் டி படை வான் அலையை உறிஞ்சும். இரவில் அப்படை மறையும். மேற்படைகள் அலையைப் புவிக்குத் திருப்பும். ஆகவே தொலைதூர அலை வாங்கியை அடையும்.

வழமையான பிழை: ‘இரவில் காற்றுக் குளிர்வதால்’ என்று எழுதுதல். காரணம் காற்றின் வெப்பநிலை அன்று. அயன் மண்டலத்தின் மாற்றமே.

வினா 4. இலங்கையில் நள்ளிரவாகும்போது பிரித்தானியாவில் கிறீன்விச் நேரம் மாலை 6.30 ஆகும். அங்கிருந்து வரும் மத்திய அலை இங்கு கேட்பதற்கான வாய்ப்பு டிசெம்பரிலா யூனிலா அதிகம்?
விடை: டிசெம்பரில். அப்போது பிரித்தானியாவிலும் சூரியன் மறைந்திருப்பதால் பாதை முழுவதும் இருளில் இருக்கும். டி படையின் உறிஞ்சல் இராது. யூனில் அங்கு அந்நேரம் வெளிச்சமாக இருக்கும்.

நினைவிற் கொள்க

மீடிறன் ஒரு மட்டுப்பட்ட பொதுச் சொத்து. ஒருவர் தம் வலுவை மிதமிஞ்சிக் கூட்டினால் வேறொரு நாட்டில் ஒருவரின் செய்தி கேளாமற் போகும். மத்திய அலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்ட போதிலும் இத்தத்துவம் மறையவில்லை. கையடக்கத் தொலைபேசி வலையமைப்பும் ஒரே மீடிறனைத் தூரம் விட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தியே இயங்குகிறது.