ஜூடோ நெறியும் பணியிடத்துப் பூசலும்

பூசல் பலவகைப்படும். அவற்றுள் பணியிடத்துப் பூசல் தனித்ததோர் இயல்பினது. சந்தையிற் பிணங்கியவரை மறுநாள் காணாதிருத்தல் கூடும். உடன் பணிபுரிவாரையோ நாளையும் எதிர்மேசையிற் கண்டேயாதல் வேண்டும். ஆகலின் ஈண்டு வேண்டப்படுவது எதிரியை வீழ்த்தும் வன்மையன்று. பிணக்குத் தீர்ந்தபின்னும் இருவரும் ஒருங்கிருந்து தொழிலாற்றத் துணைசெய்யும் முறையேயாம். அத்தகைய முறையினை ஜப்பானியரது ஜூடோ என்னும் மற்கலையினின்றும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஜூடோவை வகுத்தவர் ஜிகோரோ கானோ (1860–1938). தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இவ்வறிஞர், 1882-ஆம் ஆண்டில், தமது 21-ஆம் அகவையில், அந்நகரத்து எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலிற் கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். பழைய ஜுஜுத்ஸு முறைகளை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி, உடலும் ஒழுக்கமும் ஒருங்கே வளர்தற்குரிய கல்வியாக அதனை ஆக்கினார். 'ஜூ' என்பது நெகிழ்வு. 'டோ' என்பது நெறி.

நெகிழ்வின் பயனைக் கானோ ஒரு கணக்கினால் விளக்கினார். எதிரியின் வலிமை 10, நமது வலிமை 7 எனக் கொள்வோம். அவன் தள்ளுங்கால் நாம் எதிர்த்துத் தள்ளின், தோல்வி நமதே. அவன் தள்ளிய அளவிற்கு நாம் பின்வாங்கி, நம் நிலை தளராது நிற்பின், அவன் தன் விசையாலேயே நிலைகுலைவான். அப்பொழுது அவன் வலிமை 3 ஆகக் குறையும். நமது 7 குறையாது நிற்கும்.

இதனை அலுவலகத்திற் பொருத்திக் காண்போம். கணக்கு மூன்று நாள் தாழ்த்ததென்று மேலாளர் சினந்துரைக்கின்றார். எழுத்தர் உடனே மறுத்துரைப்பின் சினம் வளருமேயன்றித் தணியாது. "ஐயா, தாழ்த்தது உண்மையே, இரண்டு சீட்டுக்கள் நேற்றுத்தான் வந்தன, இன்று எதனை முதலில் முடித்தல் வேண்டும்?" என்பாராயின், சினத்திற்கு எதிர்நிற்கும் பொருள் யாதும் இல்லை. ஈண்டு அவர் பின்வாங்கினார்; ஆயினும் தாழ்த்ததன் காரணத்தைக் கைவிட்டாரல்லர். நிலைதளராத நெகிழ்வாவது இதுவே. நிலைதளர்ந்து நெகிழ்தல் வீழ்ச்சியேயாம்.

வீழ்ச்சிக்கும் ஜூடோவிற் பயிற்சியுண்டு. 'உகெமி' எனப்படும் அப்பயிற்சியைப் புதிய மாணாக்கர் முதற்கண் கற்பர். மோவாயை மார்போடு ஒடுக்கித் தலையைக் காத்து, கையாற் பாயை அறைந்து அதிர்ச்சியைப் போக்குவர். விழ அஞ்சுவோன் உடல் விறைத்து ஊறுபடுவான். அங்ஙனமே, தன் கருத்து அவையில் தள்ளப்படுதலைப் பொறாதவன் ஒவ்வோர் உரையாடலையும் போராக்கிவிடுவான். தள்ளப்பட்டது கருத்தேயன்றித் தானல்லன் என்றறிபவன் மீண்டும் எழுவான்.

அற்றேல், எஞ்ஞான்றும் நெகிழ்தல்தான் நெறியோ எனின், அன்று. ஒருவன் பின்னின்று உடலை இறுகப் பற்றுங்கால் நெகிழ்வு மட்டும் பயன்படாதெனக் கானோவே எடுத்துக்காட்டினார். ஆதலின், ஆற்றலை வீணாக்காது சிறந்தவாறு பயன்படுத்தல் என்பதனையே முதன்மையான விதியாக அவர் கொண்டார். பொய்க்கணக்கு எழுதுமாறு பணிக்கப்பட்டவன் ஆண்டு நெகிழ்வானாயின், அது நெறியன்று, அடிமைத்தனமே. அவன் மறுத்தல் வேண்டும். ஆயினும் கூச்சலிலும் புறங்கூறலிலும் ஆற்றலைச் சிதறவிடாது, உரியவரிடம், உரிய சான்றோடு, எழுத்து வாயிலாக மறுத்தலே அவ்விதிக்கு ஒத்தது.

இறுதியாக ஒன்று. பிடியில் அகப்பட்டவன் தோல்வியை ஏற்றுக் கையால் இருமுறை தட்டுவானாயின், வென்றவன் அக்கணமே பிடியை விடுதல் வேண்டும். பணியிடத்தில் நாம் பெரிதும் மறப்பது இதுவே. உடன்பணியாளர் "பிழை என்னுடையது" என்றபின்னும், பலர்முன் அதனை மீண்டும் மீண்டும் எடுத்துரைப்போர் உளர். அவர் வழக்கில் வென்று துணையை இழப்பர். பயிற்சிக்கூடத்தில் எதிர்நிற்பவன் பகைவனல்லன்; அவன் இன்றேல் பயிற்சியே இல்லை. அதனாலன்றோ போரின் முன்னும் பின்னும் இருவரும் ஒருவரையொருவர் வணங்குகின்றனர்! தானும் பிறரும் ஒருங்கே நலம்பெறல் என்பது கானோவின் மற்றொரு விதி.

கற்றுமுடித்துப் பணியேற்கவிருக்கும் மாணவ நண்பர்காள்! நிலைதளராது நெகிழ்க, அறம் பிழைக்குமிடத்து நிமிர்ந்து நிற்க, வென்றவிடத்துப் பிடியை விடுக. இம்மூன்றும் கைவரப்பெற்றார்க்குப் பூசலும் ஒரு பயிற்சியேயாம்.