ஆச்சியின் மச்சம்

இலஞ்சி,
ஆனி 20

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். ஏழு நிமிஷம் பேசியிருக்கிறாய். அதில் ஐந்து நிமிஷம் மாதச் சந்தா பற்றி. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. லென்ஸ்களைத் துடைத்து, சிலிக்கா ஜெல் மாற்றி, டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். இந்த ஈரத்தில் ஒரு சீசன் கவனிக்காமல் விட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சை வலை கட்டிவிடும். உன் லென்ஸையும் பார்த்துக்கொள்.

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியில் முக்கால்வாசிப் பேர் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழி கேட்கவே வேண்டாம். சந்தாவுக்கு இந்தப் பஞ்சாங்கம் எதுவும் தெரியாது. அதனால் அடோபியின் லைட்ரூமையும் போட்டோஷாப்பையும் விட்டுவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளுக்கும் கிம்ப்புக்கும் போய்விடலாமா என்று கேட்கிறாய். இந்த ஆவணி முகூர்த்தத்துக்குள் மாறிவிட வேண்டும் என்கிறாய். ஆவணி என்றதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதலில் ஒன்றைப் பார். மாதாமாதம் பணம் போகிறதே தவிர, உன் ஒப்பந்தம் வருஷக் கணக்கா மாதக் கணக்கா? வருஷக் கணக்கென்றால் நடுவில் நிறுத்தினால் மீதித் தொகையில் ஒரு பங்கு கட்டச் சொல்வார்கள். இந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மேல் வழக்குப் போட்டது. ஆகையால் எந்தத் தேதியில் ஒப்பந்தம் முடிகிறதென்று பார்த்து, காலண்டரில் வட்டம் போட்டு வை. கோபத்தில் இன்றைக்கே நிறுத்தாதே.

வாடகை முறை வந்து ஒன்றும் அதிக காலம் ஆகவில்லை. 2012இல் வந்த போட்டோஷாப் சி.எஸ். 6 வரைக்கும் ஒருமுறை காசு கொடுத்தால் பெட்டி நம்முடையது. 2013 மே மாதம்தான் இனிமேல் புதுப் பதிப்பெல்லாம் சந்தாவுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் அதனாலேயே பலர் 2002ஆம் வருஷத்துப் போட்டோஷாப் 7ஐ இன்னும் விடவில்லை. அதில் எத்தனை காசு கொடுத்து வாங்கியது என்று நான் கேட்க மாட்டேன், அவர்களும் சொல்ல மாட்டார்கள். நீ மட்டும் அந்தப் பக்கம் போய்விடாதே. உன் படத்தை ஒருவன் கேட்காமல் எடுத்துப் போட்டான் என்று போன மாதம் எவ்வளவு குதித்தாய்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாயே, உன்னிடம் இருக்கிற பழைய வேலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வருஷக் கல்யாணங்கள் உன் கேட்டலாக்கில் இருக்கின்றன. அவை என்னவாகும்?

மறுவீட்டுக்குச் சொதி வைக்கிற தவசுப்பிள்ளையை நினைத்துக்கொள். லைட்ரூமில் நீ ஸ்லைடரை இழுக்கும்போது படம் மாறுவதே இல்லை. ரா பைல் காய்கறி மாதிரி கூடையில் அப்படியே கிடக்கிறது. தேங்காய்ப்பால் இவ்வளவு, இஞ்சிச்சாறு இவ்வளவு என்று நீ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போகிறாய், அவ்வளவுதான். அந்த நோட்டுதான் கேட்டலாக். திரையில் தெரிவது, அந்த நோட்டைப் பார்த்து அந்தத் தவசுப்பிள்ளை அந்த நிமிஷத்தில் இறக்கிக் கொடுக்கிற சொதி. டார்க்டேபிள் வேறு தவசுப்பிள்ளை. உன் நோட்டை அவரிடம் நீட்டினால் கொஞ்சம் படிப்பார். நட்சத்திரக் குறி, குறிச்சொல், படத்தை வெட்டிய அளவு, வெளிச்சத்தின் அளவு, இந்த மாதிரிச் சிலது விளங்கும். அதுவும் நீ லைட்ரூமில் முன்கூட்டியே எக்ஸ்.எம்.பி. பைலாக எழுதி வைத்திருந்தால்தான். ஒரே படத்துக்கு நீ போட்டு வைத்திருக்கும் விர்ச்சுவல் காப்பிகள் அந்தப் பைலில் ஏறாது. கலெக்‌ஷன்களும் ஏறாது. மற்றதையெல்லாம் அவர் தன் கையளவில் போட்டு இறக்குவார். சொதிதான், ஆனால் உன் சொதி இல்லை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பல வருஷம் முன்னால் ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். பெயரெல்லாம் வேண்டாம், தப்பு என்னுடையது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்ற தைரியத்தில் பழையதை அழித்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டில் ஆல்பத்தில் இருந்த அதே படத்தைப் பெரிதாகக் கேட்டார்கள். அதே நிறம் எனக்கே திரும்ப வரவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். கடைசியில் ஆல்பத்தைக் கடன் வாங்கி, அந்தத் தாளையே படமெடுத்துக் கொடுத்தேன்.

தானாகத் தாவாவிட்டாலும் சில சமயம் தூக்கி எறியப்படுவோம். ஆப்பிள் 2005இல் அபர்ச்சர் என்ற சாப்ட்வேரைக் கொண்டுவந்தது. 2014இல் இனி வளர்க்கமாட்டோம் என்றது, அடுத்த வருஷம் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு இருந்த பிக்காசாவை 2016இல் கூகுள் நிறுத்தியது. அஃபினிட்டி சாப்ட்வேரை 2024இல் கான்வா வாங்கியது. அடுத்த வருஷக் கடைசியில் அதை இலவசமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு இலவசம் என்பது சந்தோஷம்தான். எனக்கென்னவோ, ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுப்பதும், 1995இல் இரண்டு கல்லூரிப் பையன்கள் தொடங்கி, இன்றுவரைக்கும் மூலநிரலோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடக்கிற கிம்ப்பும் ஒரே இலவசமாகத் தெரியவில்லை.

உன் பயத்தில் பாதியை நான் குறைக்கிறேன். சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக் கதவைச் சாத்துவதில்லை. படங்களைப் பார்க்கலாம், தேடலாம், ஜேபெக்காக வெளியே எடுக்கலாம். டெவலப், மேப் பகுதிகள் மட்டும் பூட்டிக்கொள்ளும். அதாவது சமைத்ததைப் பரிமாறலாம், உப்புப் போட முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் மாறினால், நாலு வருஷம் கழித்தால், இந்தச் சலுகையெல்லாம் எப்படி இருக்குமென்று யார் கண்டது? ஆகவே பழைய கல்யாணங்களை நீ புது இடத்துக்குக் குடியேற்றவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுத்த படங்களை முழு அளவு ஜேபெக்காக எடுத்து வை. தாலி கட்டு, பெரியவர்கள் முகம், இப்படி ஒரு இருபது முப்பதை மட்டும் 16 பிட் டிஃப்பாக எடு. ரா பைல்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். கேட்டலாக்கையும் அழிக்காதே. இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீட்டில். ஒன்றை இங்கே கொண்டுவந்து வை.

அடுத்தது தமிழ் எழுத்து. இதை வெளியூர்க்காரர்கள் யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். கரிஷ்மா ஆல்பத்தில் பெண் மாப்பிள்ளை பெயர் போடாமல் நம் ஊரில் எவன் விடுவான்? நான் வேலை பார்த்த காலத்தில் போட்டோஷாப்பில் யூனிக்கோடு தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதற்குத்தான் பாமினி மாதிரி எழுத்துருக்களைப் பிடித்துக்கொண்டோம். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ்ச் சட்டை போட்டவை. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிக்கோடை ஏற்றுக்கொண்டது. ஸ்டூடியோக்களில் மட்டும் பாமினிதான் ஆண்டது, பிளெக்ஸ் கடைகளில் இன்னும் ஆளுகிறது. நீ என்னிடமிருந்து வாங்கிப்போன பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகளில் பாதி அப்படித்தான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கிலக் குப்பையாக நிற்கும்.

கிம்ப்பில் யூனிக்கோடு தமிழ் ஒழுங்காகச் சேர்ந்து வருகிறது. போட்டோஷாப்பிலும் இப்போதைய பதிப்புகளில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அஃபினிட்டி வெகுகாலம் இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் இருந்தது. அதனால் எதை எடுத்தாலும் முதல் நாளே ‘ஸ்ரீ’, ‘கௌசல்யா’, ‘கோமதி’ என்று மூன்று அடித்துப் பார். மூன்றும் உடையாமல் வந்தால் மேற்கொண்டு பேசலாம். பி.எஸ்.டி.யை கிம்ப் திறக்கும், ஆனால் அதிலுள்ள ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பாதே. நீ ஷீட் போடக் கொடுக்கிற டிசைனர் பி.எஸ்.டி.தான் கேட்பார். அவர் மாறாமல் நீ மட்டும் மாறினால் நடுராத்திரியில் போன் வரும்.

டார்க்டேபிளை நான் போன மழைக்காலத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் எரிச்சல். ஒரே காரியத்துக்கு நாலு கருவி வைத்திருக்கிறார்கள், எதை எடுப்பதென்று தெரியாது. நீ லைட்ரூமில் ஒரு தட்டில் ஆளின் முகத்தை மட்டும் பிரித்துவிடுகிறாயே, அதற்கு இதில் கையால் கோடு வரைய வேண்டியதே அதிகம். இரண்டாயிரம் படத்துக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றைத் திறந்தேன். அந்த மஞ்சளை உனக்குத் தெரியும். சிவப்புச் சானல் எகிறி, இதழெல்லாம் ஒரே மஞ்சள் பூச்சாகிவிடும். பொறுமையாக உட்கார்ந்து தேடியதில் இதழின் நரம்பு திரும்பி வந்தது. எந்தக் கட்டத்தில் நிறம் தொலைந்தது என்று அது எனக்குக் காட்டியது. நாற்பது வருஷத்தில் வேறு எந்த சாப்ட்வேரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை.

ஆகையால் ஆவணியில் மாறாதே. ஆடி முழுக்க சும்மாதானே இருப்பாய். தோட்டத்தில் ஒரு காலை எடு, பேரருவிப் பக்கம் ஒரு சாயங்காலம் எடு, தெரிந்த வீட்டு விசேஷம் ஒன்று எடு. மூன்றையும் புதிதில் மட்டும் முடி. முடித்ததை 12க்கு 36 ஷீட்டாக லேபில் ஒன்று போட்டு வாங்கு. திரையில் முகத்தைப் பார்த்து ஏமாறாதே, தாளில் பார். எத்தனை மணி நேரம் ஆனதென்று குறித்து வை. ஆவணியும் ஐப்பசியும் பழையதிலேயே ஓட்டு. தையில் முடிவெடு. அதற்குள் ஒப்பந்தத் தேதியும் வந்துவிடும். பணம் மட்டும்தான் காரணமென்றால், நீ இழக்கப்போகிற ராத்திரிகளுக்கும் ஒரு விலை போட்டுக் கூட்டிப் பார். பெரும்பாலும் சந்தாவே சல்லிசு என்று வரும். ‘என் படத்தின் சாவி வாடகைக்கு வேண்டாம்’ என்பதுதான் காரணமென்றால் கணக்கே போடாதே, மெதுவாக மாறு, நானும் கூட உட்காருகிறேன். உன் குரலில் எனக்கு இரண்டாவதுதான் கேட்டது. நீ முதலாவதைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

எது வந்தாலும் ‘பொண்ணைக் கொஞ்சம் கலராக்குங்க’ என்கிற சித்தி வருவாள். அதற்கு எந்த சாப்ட்வேரிலும் மருந்து இல்லை.

அதைச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே உன் ஆச்சியின் கறுப்புவெள்ளை நெகட்டிவ், எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் எடுத்தது. அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேல் ஒரு பசையைத் தடவி, ஊசிமுனை மாதிரிச் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வோம். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பாக நிற்கும். அங்கே பென்சில் வைத்தால் பிரிண்டில் மறைந்துவிடும். அவர் ஆச்சியின் கன்னத்து மச்சத்தை அப்படி மறைத்துவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி, “இது யாரு?” என்று கேட்டாளாம். கடைசி வரை அதை மாட்ட விடவில்லை.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் யாரும் இந்த ஊர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் பரணுக்கு வரவில்லை, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பென்சில் கோடுகள் ஒவ்வொன்றும் அப்படியே தெரிகின்றன. டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். அதைத் தனியாகச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. மேக்ரோ லென்ஸும் கேமராவும் கொண்டுவா, லைட் பாக்ஸ் என்னிடம் இருக்கிறது. பென்சிலோடு ஒன்று எடுப்போம், துடைத்துவிட்டு ஒன்று எடுப்போம். டார்க்டேபிளில் நெகட்டிவைத் திருப்புவதற்கென்றே நெகாடாக்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, உன் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். உன் அம்மாவிடம் சொல்லாதே. மச்சம் வந்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

உன் மாமா