இலவச மென்பொருளுக்கும் பெயர்ப்பலகை வேண்டும்

பில் போடுவதும் பற்று வரவு எழுதுவதும் இன்று பல கடைகளில் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. அதற்கான மென்பொருளை விலைக்கு வாங்குவோர் உண்டு. மூல நிரலைத் திறந்து வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று தரப்படும் மென்பொருளை நாடுவோரும் உண்டு. இந்த இரண்டாம் வகையில் பலவற்றைத் தொண்டர்களே உருவாக்குகிறார்கள். சம்பளம் வாங்காதவர் செய்த சரக்கை நம்பி நம் பேரேட்டை ஒப்படைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி அவர்களுடைய இணையதளத்திலும் செய்தி மடலிலும் தெரிந்துவிடும். இவ்விரண்டையும் திட்டமிடும் முறைக்கு டெபியன் நல்ல பாடம்.

1993 ஆகஸ்டில், அமெரிக்காவில் மாணவராக இருந்த இயன் மர்டாக் தொடங்கியது டெபியன். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளையும், அதன் மேல் ஓடும் 60,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகளையும் திரட்டிச் சோதித்து இலவசமாகத் தருகிறார்கள். தொண்டர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். முதலாளி என்று ஒருவர் இல்லை.

முதல் பாடம்: இணையதளம் என்பது பெயர்ப்பலகை. இது என்ன சரக்கு, யாருக்கு ஏற்றது, எப்படிப் பெறுவது, குறையை எங்கே சொல்வது, நாம் எப்படி உதவலாம் ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் முகப்பிலேயே வழி தெரிய வேண்டும். டெபியன் தன் சரக்கை நிலையானது, சோதனையில் உள்ளது, நிலையற்றது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. அன்றாட வேலைக்கு நிலையானதே ஏற்றது. அரிசி மூட்டைக்கு ரகச் சீட்டு கட்டுவது போன்றதுதான் இதுவும்.

இரண்டாம் பாடம்: குறையை மறைக்கக்கூடாது. 1997-ல் டெபியன் தொண்டர்கள் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில் இது ஒரு வாக்குறுதி. பயன்படுத்துவோர் சொல்லும் குறைகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம். குறையே இல்லாத சரக்கு கிடையாது. அதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன்பே சொல்கிறவர்தான் வியாபாரத்தில் நிலைக்கிறார்.

மூன்றாம் பாடம்: கைக்கு எட்டிய அளவே செய்தி மடல். 1999 ஜனவரியில் ஜோயி ஹெஸ் என்ற தொண்டர் டெபியன் வாரச் செய்தியைத் தொடங்கினார். 2007-ல் அது நின்றது. 2008-ல் மீண்டும் வந்தபோது டெபியன் திட்டச் செய்தி என்று பெயர் மாறியது. 'வாரம்' என்ற சொல் பெயரில் இல்லை. வாரந்தோறும் ஏட்டை நிரப்புவது எத்தனை பெரிய சுமை என்பது சங்க ஏடு நடத்தியவர்களுக்குத் தெரியும். ஆகவே மடல் தொடங்குவோர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை:

1. எழுதுபவர் யார், அவருக்கு முடியாதபோது மாற்று யார்?
2. எத்தனை நாளுக்கு ஒரு முறை? ஆள் பலத்துக்கு ஏற்றபடி வாக்குக் கொடுத்து, அந்த நாளில் தவறாமல் அனுப்ப வேண்டும்.
3. நிலையான தலைப்புகள் எவை? புதிய வெளியீடு, தேவைப்படும் உதவி, புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியவை போதும்.
4. செய்தி கொடுக்கக் கடைசி நாள் எது?
5. பழைய மடல்கள் எங்கே இருக்கும்? டெபியன் அவற்றை இணையதளத்திலேயே காத்து வருகிறது.

ஒன்றை மட்டும் மடலுக்காகக் காத்திருக்க வைக்கக்கூடாது. பாதுகாப்பு ஓட்டை அடைபட்டால் டெபியன் உடனே தனி அறிவிப்பு அனுப்புகிறது. அவசரச் சரக்கு வழக்கமான லாரிக்குக் காத்திருப்பதில்லை அல்லவா!

வணிக நண்பர்களே, இலவச மென்பொருள் எதையும் கடைக்குள் கொண்டுவரும் முன் மூன்றைப் பாருங்கள். கடைசியாக எப்போது செய்தி வெளியிட்டார்கள்? குறைப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறார்களா? கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால் முதலில் மாதிரிக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். அசல் கணக்கின் நகலைத் தனியே வையுங்கள். பிழை கண்டால் எழுதி அனுப்புங்கள். விலை வாங்காதவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய விலை அதுவே.