காய்கறிக்கு ஒரு குளிர் அறை: செங்கலும் மணலும் நீரும் போதும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை வகைகள், பந்தல் காய்கறிகள் ஆகியவை பரவலாகப் பயிரிடப்படுகின்றன. விதை, உரம், பாசனம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் நீங்கள் காட்டும் அக்கறை பறித்த பின்பும் தொடர வேண்டும். மாலையில் பறித்த காய் மறுநாள் காலை சந்தைக்குப் போகும்முன் வாடிவிடுகிறது. விலை சரிந்த நாளில் சரக்கைத் திருப்பி எடுத்துச் செல்ல வழியில்லாமல் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர நேரிடுகிறது. ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க முடிந்தால் இந்த நிலை மாறும். அந்த இரண்டு நாளைத் தரக்கூடிய எளிய குளிர் அறையை உங்கள் தோட்டத்திலேயே, மின்சாரம் இல்லாமல் அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காய் ஏன் வாடுகிறது?

செடியிலிருந்து பறித்த பின்பும் காய் உயிருடன்தான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னுள் சேமித்த சர்க்கரையைச் செலவிடுகிறது, வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. காற்று வறண்டிருந்தால் நீரிழப்பும் கூடுகிறது. கீரையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் குறைந்தாலே அது வாடித் தோன்றும். நூறு கிலோ சரக்கில் ஐந்து கிலோ எடை போவதோடு, மீதி 95 கிலோவுக்கும் விலை குறைகிறது. ஆகவே காயைக் குளிர்ச்சியாகவும் ஈரக்காற்றிலும் வைப்பது இன்றியமையாதது.

நீர் ஆவியாகும்போது நடப்பது

மண்பானை நீர் குளிர்ந்திருப்பதை நாம் அறிவோம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் நீரிலிருந்தே எடுக்கப்பட்டால் 58 லிட்டர் நீரின் வெப்பநிலை 10 டிகிரி குறையும். வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் கோடையில் நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைச் சுழலவிடுவதும் இதே தத்துவத்தில்தான்.

இத்தத்துவத்தைக் கொண்டு புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சுசாந்தா கே. ராய், டி. எஸ். குர்தியா ஆகிய விஞ்ஞானிகள் 1980-களில் செங்கல், மணல் கொண்ட குளிர் அறையை உருவாக்கினர். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, சிறு விவசாயிகளிடையே பரப்பினார். இரண்டிலும் வேலை செய்வது ஒன்றே: ஈரமணல்.

முதலில் காற்றைச் சோதியுங்கள்

அறை எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது உங்கள் தோட்டத்துக் காற்றின் வறட்சியே. எனவே செங்கல் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்குங்கள். ஒன்றின் குமிழைச் சுத்தமான பருத்தித் துணியால் சுற்றி நீரில் நனையுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் விசிறியால் வீசிய பின் அளவைக் குறியுங்கள். பகல் 2 மணி அளவில், ஒரு வாரம் தொடர்ந்து இவ்வாறு செய்ய வேண்டும்.

காற்று 36 டிகிரி சென்டிகிரேடு, ஈரப்பதம் 30 சதவிகிதம் எனில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 23 டிகிரி காட்டும். வேறுபாடு 13 டிகிரி. மழை நாளில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவிகிதம் எனில் அது 26 டிகிரி காட்டும். வேறுபாடு 2 டிகிரி மட்டுமே. நன்கு பராமரித்த அறைக்குள் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கிடைக்கும், முழுவதும் கிடைக்காது. வேறுபாடு 5 டிகிரிக்குக் குறைந்த நாட்களில் குளிர்ச்சியை நம்பிச் சரக்கை நிறுத்தி வைக்க வேண்டாம்.

நமது பகுதியில் மார்ச் முதல் மே வரை வெயில் கடுமையாகவும் காற்று பெரும்பாலும் வறண்டும் இருப்பதால் அறை நன்கு பயன்படும். மலையடிவாரத்தில் மழைச்சாரல் உள்ள நாட்களிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பயன் குறைவு.

அமைக்கும் முறை

இடம்: நீர் அருகில் உள்ள, மேடான, காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று படுமாறு இருந்தால் மிக நன்று. மேலே தென்னங்கீற்றுக் கூரை கட்டாயம் வேண்டும். மூடிய அறைக்குள் அமைக்கலாகாது. ஆவி வெளியேற வழியின்றிக் குளிர்ச்சி நின்றுவிடும்.

அளவு: வெளிப்புறம் 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலம், 67.5 செ.மீ. உயரம். தரையில் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதன்மேல் இரண்டு சுவர்களை ஒன்றினுள் ஒன்றாக எழுப்ப வேண்டும். சுவர்களுக்கிடையே 7.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். உட்புறம் ஏறத்தாழ 105 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் கிடைக்கும். உங்களிடம் உள்ள காய்கறிப் பெட்டிகளை முதலில் அளந்து, அதற்கேற்ப அரைச் செங்கல் கூட்டியோ குறைத்தோ கட்டலாம். இதில் சுமார் 100 கிலோ வரை வைக்கலாம்.

பொருள்கள்: 9 அங்குலச் செங்கல் 400 முதல் 450 வரை, மணல் சுமார் 8 கன அடி. பழைய வீடு இடித்த செங்கலும் போதும். ஆனால் நீரை உறிஞ்சும் மண் செங்கலாக இருக்க வேண்டும். சுவருக்குச் சிமெண்ட் பூசக் கூடாது. பூசினால் நுண்துளைகள் அடைபடும். ஆற்று மணல் கிடைக்காவிடில் எம்-சாண்டை நீரில் அலசி, தூளைப் போக்கிப் பயன்படுத்தலாம்.

மூடி: மூங்கில் சட்டத்தில் வைக்கோல் அல்லது கோணிச்சாக்கு வைத்துத் தைத்து, நனைத்து மூடவும்.

நீர் விடுதல்

தொடக்கத்தில் செங்கலும் மணலும் முழுதும் நனையும்வரை நீர் ஊற்றுங்கள். பின்னர் காலையிலும் மாலையிலும் நனைத்தால் போதும். கோடையில் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று குடம் நீர் தேவைப்படும். சொட்டுநீர்ப் பாசனத்தில் மீந்த பக்கக்குழாயை மணலின் மேற்பரப்பில் சுற்றிவிட்டு, உயரத்தில் வைத்த பீப்பாயுடன் இணைத்தால் ஆள் வேலை மிச்சம். உப்புத் தண்ணீர் பயன்படுத்தும் இடங்களில் சுவரில் வெண்மையாக உப்புப் படியும். அதை அவ்வப்போது தேய்த்து அகற்ற வேண்டும்.

எதை வைக்கலாம்? எதை வைக்கலாகாது?

கீரை, கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, தக்காளி, பாகல், பீர்க்கு முதலியவற்றை வைக்கலாம். வறண்ட காலத்தில் இவை வெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ இருமடங்கு நாள் தாங்கும். தக்காளி, வெண்டை, கத்தரி போன்றவை கடுங்குளிரில் பழுதுபடுபவை. 20 முதல் 25 டிகிரி வரை உள்ள இந்த மிதமான குளிர்ச்சி அவற்றைக் கெடுப்பதில்லை.

சின்ன வெங்காயத்தை இதில் வைக்கவே கூடாது. அறைக்குள் ஈரப்பதம் மிகுதி. வெங்காயம் அழுகும், முளைக்கும். அதற்குக் காற்றோட்டமான பட்டறையே ஏற்றது. பூண்டு, தானியம், பயறு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பழுத்த வாழைப்பழத்தைக் கீரையோடு சேர்த்து வைக்காதீர்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. வெயில் ஏறுமுன் பறியுங்கள். நடுப்பகலில் பறித்த காயின் சூட்டைத் தணிக்கவே அறையின் குளிர்ச்சி செலவாகிவிடும்.

2. அடிபட்ட, பூச்சி துளைத்த, அழுகல் நோய் கண்ட காய்களைப் பிரித்த பின்பே வைக்கவும். ஒரு காயின் அழுகல் பெட்டி முழுவதும் பரவும்.

3. காயின்மேல் நீர் தெளிக்க வேண்டாம். நனைய வேண்டியது சுவர், காய் அன்று.

4. பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விடவும்.

5. குளிர்ந்த இடத்தைத் தேடிப் பாம்பும் தேரையும் வரும். மூடியை இடைவெளியின்றிப் பொருத்துங்கள். உள்ளே நன்றாகப் பார்த்த பின்பே கையை விடுங்கள்.

6. மாதம் ஒருமுறை காலிசெய்து கழுவி, நன்கு காயவிட்டு மீண்டும் பயன்படுத்தவும்.

இந்த அறை குளிர்பதனக் கிடங்கு ஆகாது. வாரக்கணக்கில் சரக்கைப் பதுக்கவோ, விழுந்த விலையை உயர்த்தவோ இதனால் இயலாது. ஆனால் இன்று மாலை பறித்ததை நாளைக் காலை வாடாமல் உழவர் சந்தைக்குக் கொண்டுசெல்ல இது உதவும். மீந்ததைத் திருப்பி எடுத்து வந்து மறுநாள் விற்கவும் இயலும். காத்திருக்கக்கூடிய உழவரிடம் விலை பேசும் முறையே வேறு. எனவே விவசாயப் பெருமக்கள் வரும் கோடையில் முதலில் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு காற்றைச் சோதித்து, வேறுபாடு போதுமானதாயிருந்தால் ஒரு சிறு அறையை அமைத்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.