பரணில் கிடக்கும் துப்பாக்கிக்கு என்ன வயது?

கேள்வி: பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணில் ஒரு நீளத் துப்பாக்கி கிடைத்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கிற வகை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வயது இருக்கட்டும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியை முட்டுகிற வரை மெதுவாக உள்ளே விடுங்கள். குழல் விளிம்பு தொடும் இடத்தில் குச்சியில் கோடு போட்டு வெளியே எடுங்கள். அதே கோட்டை விளிம்புக்கு நேராகப் பிடித்து, குச்சியைக் குழலின் மேல் படுக்க வையுங்கள். நெருப்பு உள்ளே போகிற பற்றுவாய்த் துளை வரை நுனி எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ கெட்டித்துக் கிடக்கிறது. அதற்குமேல் கை வைக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

காலி என்றால், விசையை இழுத்ததும் பாய்ந்து விழும் பாகமான குதிரையைக் கவனியுங்கள். எரியும் திரியைக் கவ்வும் வளைந்த கொக்கியாக இருந்தால் அது திரித் துப்பாக்கி. இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டிலும் இவை புழங்கியதால், கொக்கியை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது. கல்லைப் பிடிக்க இரண்டு தாடைகளும், எதிரே கல் உரசும் எஃகுத் தகடும் இருந்தால் சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரை வெறும் சுத்தியல்போல் இருந்து, துளையுள்ள ஒரு சிறு குமிழின் மேல் அடித்தால் அது கேப் என்ற சிறு வெடிக்குப்பி போட்டுச் சுடுவது. பெரும்பாலும் 1820க்குப் பிந்தியது.

கேள்வி: சக்கிமுக்கிக் கல்லை ஒழித்துக்கட்டியது யார்?

பதில்: ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்த் தேவாலயத்தில் ஊழியம் செய்த அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பறவை வேட்டையில் பித்து. கல் உரசியதும் வெளியே ஒரு பளிச்சிடல், அதற்கடுத்த கணம்தான் வெடி. அந்த இடைவெளியில் வாத்து சுதாரித்துப் பறந்துவிடும். அடித்தாலே வெடிக்கும் ரசாயனப் பொடியை அவர் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பொடியைச் சின்னச் செம்புக் குப்பிக்குள் அடைத்த கேப் அதற்குப் பிறகு வந்தது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் ராணுவம் கல்லைக் கைவிட 1839க்கு மேல் ஆயிற்று.

கேள்வி: குதிரை பொருத்தியிருக்கும் பக்கத் தகட்டில் இதய வடிவமும், அதன் தலையில் 4 போல ஒரு குறியும் இருக்கின்றன. ஏதாவது மன்னர் முத்திரையா?

பதில்: மன்னருடையது இல்லை, வியாபாரியினுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்குப் பொதிகளில் போட்ட அடையாளமே துப்பாக்கியிலும் ஏறியது. இதயத்தின் நான்கு கட்டங்களிலும் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். பக்கத்தில் செய்தவர் பெயரும் வருஷமும் இருந்தால் வேலை சுலபம். 1808இல் இந்தக் குறி போய், பின்னங்காலில் எழுந்து நின்று மகுடம் ஏந்தும் சிங்கம் வந்தது. ஆகவே, பின்னால் மாற்றிப் பொருத்தாத தகட்டில் இதயம் இருந்தால் 1808க்கு முன், சிங்கம் இருந்தால் அதற்குப் பின்.

அப்படியே குழலையும் அளந்துவிடுங்கள். 'பிரவுன் பெஸ்' என்ற பட்டப்பெயர் பெற்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்கு முதலில் 46 அங்குலக் குழல், பிறகு 42. கம்பெனி தன் சிப்பாய்களுக்கு 39 அங்குலத்தில், செலவு குறைத்துச் செய்துகொண்டது. பிரான்ஸோடு போர் மூண்டு ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை வாங்கி, 1797இல் அந்த மாதிரியையே தனதாக்கிக்கொண்டது. வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் காலாட்படையின் கையில் பெரும்பாலும் இருந்தது இந்த 'இந்தியா பேட்டர்ன்'தான்.

கேள்வி: எங்களிடம் இருப்பதில் மகுடமும் 'டவர்' என்ற எழுத்தும் 1859 என்ற வருஷமும் இருக்கின்றன. இது 1857 கலகத்துக்குக் காரணமான என்ஃபீல்டுதானா?

பதில்: குழலின் உள்விளிம்பைப் பாருங்கள். 1853 மாதிரி என்ஃபீல்டின் உள்ளே சுருள் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு சுழன்று குறி தப்பாமல் போவது அவற்றால்தான். 1857க்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கு அவ்வளவு நல்ல ஆயுதம் கூடாது என்று முடிவு செய்தார்கள். வெளித்தோற்றம் மாறாமல், உள்ளே வரியில்லாத வழவழப்புக் குழலாக்கிக் கொடுத்தார்கள். உங்களுடையது வழவழவென்றிருந்தால் அந்த அவநம்பிக்கையின் சாட்சி அது. ஒரு எச்சரிக்கை: கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர்கள் இதே முத்திரைகளைப் பார்த்து வெட்டிய நகல்கள் ஏராளம். எழுத்து தலைகீழாகவோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பாலிஷ் போட்டால் நல்ல விலை போகுமா?

பதில்: விலையைக் கெடுக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. எமரித்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு முத்திரையும் போகும், முத்திரை போனால் வெறும் இரும்பு. பழையது என்பதாலேயே விலை ஏறாது. லட்சக்கணக்கில் செய்த ராணுவத் துப்பாக்கிகள் இவை. 2003இல் காட்மாண்டு லகன் சிலேகானா அரண்மனையில் குவிந்து கிடந்தவற்றை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக அள்ளிப் போனார்கள்.

உதிரிகள் எல்லாம் ஒரே காலத்தவையா, கட்டை வெட்டுப்படாமல் இருக்கிறதா, யார் கையில் இருந்தது என்பதற்குக் காகிதச் சான்று உண்டா, இவைதான் விலையைத் தீர்மானிக்கும். பக்கத் தகட்டில் திருகுத் துளைகளை அடைத்த தழும்பு தெரிந்தால், கல்லிலிருந்து கேப்புக்கு மாற்றியது என்று அர்த்தம். அது நேர்மையான வரலாறு, விலை சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதையே புது உதிரி போட்டு மறுபடி சக்கிமுக்கியாக்கி விற்பதுதான் மோசடி.

விற்பதற்கு முன் சட்டம். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. சுடக்கூடியது என்றால் உரிமம் வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. எனவே பையில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போய் விலை கேட்காதீர்கள். முத்திரைகளைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து, படத்தை மட்டும் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களே இருக்கின்றன; ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான இடம்.