துடிப்பும் வேகமும்

கேள்வி: 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கணினிச் செயலியை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ செயலி விரைந்து வேலை செய்வது எங்ஙனம்?

பதில்: கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கையையே வேகமென்று கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டமையால், தங்களுக்கு எழுந்த சந்தேகம் நியாயமானதே. 2004-ல் வெளிவந்த அந்தப் பென்டியம், ஒவ்வோர் ஆணையையும் 31 படிகளாகப் பகுத்து நிறைவேற்றியபடியால் துடிப்பை உயர்த்திக்கொள்ள இயன்றதாயினும், நிரல் எந்தக் கிளையில் செல்லுமென்று முன்கூட்டி ஊகிப்பதில் ஒருமுறை பிழை நேர்ந்துவிட்டால், பாதியில் நின்ற காரியங்களையெல்லாம் கைவிட்டுச் சரியான பாதையில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எத்துணை பெரிய விரயம்! 2006-ல் வந்த கோர் 2 டுவோவோ, படிகளை 14 ஆகக் குறைத்து, துடிப்பொன்றுக்கு நான்கு ஆணைகள் வரை கையாளும் சாமர்த்தியத்தோடு, இரண்டு உட்கருக்களையும் பெற்றிருந்தது. மின்செலவிலும் முன்னதன் வரம்பு 115 வாட். பின்னதற்கோ 65 வாட்டே.